ஓடக்காரியின் ஒரே கேள்வி

ஏப்ரல் 28, திங்கள்

ஜெயித்துவிட்டோம். இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் யாரும் என்னைப் பாராட்டப் போவதில்லை. நேற்று மத்தியானம் நானும் டெல்வினும் ஏழாவது தடவையாக அடிக்கரைக்குப் போய், அங்கே மௌனி என்கிற ராட்சசன் பூட்டி வைத்திருந்த வெண்கல மணியை மீட்டு அந்த ஊர் ஜனங்களிடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் காப்பி நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தோம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பாவாடையெல்லாம் உப்பு பூத்துக் கெடக்கு. எங்கட்டி போய் உருண்டுட்டு வார?"

போன நோட்டு ஆறாவது பயணத்தில் நனைந்து கூழாகிவிட்டது. புது நோட்டு என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிலோமி, பதின்மூன்று வயது, ஊர் சங்குமுனை. அப்பா தோணித் தண்டல், அதாவது தோணிக்குத் தலைவர். வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருக்கிறார். டெல்வின் என் சித்தி மகன், அடுத்த வீடு, என்னைவிட ஒரு வயது சின்னவன். வாய் மட்டும் என்னைவிடப் பெரியது.

எங்கள் ஊர்க் கோடியில் விளக்கு எரியாத பழைய லைட் ஹவுஸ் ஒன்று இருக்கிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் நன்றாக உள்வாங்கும்போது அதன் படிகள் தரையோடு நிற்காது, கீழேயும் இறங்கும். இறங்கினால் கறுப்புத் தண்ணீர், ஓர் ஓடம், ஓர் ஓடக்காரி. அவள் கொண்டுபோய் விடும் இடம்தான் அடிக்கரை, கடலுக்கு அடியில் இருக்கும் கரை. அங்கே வெயில் பச்சையாக அடிக்கும். அங்கிருக்கும் ஜனங்களுக்கு மூக்கும் முழியும் தேய்ந்து, முகம் கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். அவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் மேலிருந்து போய்த் தங்கிவிட்டவர்கள்தானாம். அங்கே விளக்கேற்றுகிற பெரியவர் ஒருவர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். தங்குகிறவர்களின் முகம் அடுத்த உள்வாங்கல் வரைக்கும் தாங்குமாம், அதற்குப் பிறகு தேய ஆரம்பிக்குமாம்.

ஓடக்காரி முக்காட்டை விலக்க மாட்டாள். போகும்போது ஒரு வார்த்தை பேச மாட்டாள். திரும்பும்போது மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "எத்தனை பேர்?" நாம் சொல்லும் எண்ணிக்கைதான் கரையேறும். எப்போதும் டெல்வின்தான் பதில் சொல்வான். நேற்று அவன் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஓடத்தின் விளிம்பில் தொங்கி வாந்தியெடுத்துக் கொண்டிருந்ததால் நான் எண்ணிச் சொன்னேன். ரெண்டு. சரியாகத்தான் சொன்னேன். நானும் டெல்வினும், ரெண்டு.

ராத்திரி டெல்வின் அவன் வீட்டில் சாப்பிட்டான். இங்கே நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா மூன்று தட்டு வைத்தாள். அவளுக்கு வரவர எதிலும் கவனமே இல்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

தலைவலி. அம்மா எண்ணெய் தேய்த்துச் சடை பின்னிவிட்டாள். பின்னி முடித்த பிறகும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆள் வர வேண்டியது போல நின்றுகொண்டே இருந்தாள். "என்னம்மா?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 30, புதன்

ஒவ்வொரு பயணம் முடிந்ததும் நானும் டெல்வினும் படகு மறைவில் உட்கார்ந்து நடந்ததை முழுக்க ஒரு தடவை சொல்லிப் பார்ப்போம். அவன் பாதி, நான் பாதி. அதில்தான் பாதி சந்தோஷமே இருக்கிறது. இந்தத் தடவை நன்றாகத்தான் ஆரம்பித்தது. மணி இருந்த கூண்டு திமிங்கலத்தின் விலா எலும்புகளால் கட்டியது என்பதையும், மௌனி மூச்சு விட்டால்கூட நம் காது அடைத்துவிடும் என்பதையும் டெல்வின் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்திவிட்டான்.

"ஏ பிலோமி, கூண்டுக் கொக்கி உள்பக்கம்லா இருந்துச்சு. அத யாரு தொறந்தா?"

"நான்தான்."

"உன் கை போகாது. பூனை போற எடம்தான் இருந்துச்சு."

"அப்ப நீ தொறந்திருப்ப."

"நான் சங்கிலியப் பிடிச்சுத் தொங்கிட்டுக் கெடந்தேன். நீ கம்ப வச்சுக்கிட்டு அவன மறிச்சுட்டு நின்ன. பொறவு யாரு உள்ள போனா?"

உப்புத் தண்ணீர் மண்டையில் ஏறிவிட்டது, வேறொன்றும் இல்லை என்றேன். அவன் விடவில்லை. நாலாவது பயணத்தில் புகைபோக்கிக்குள் நுழைந்தது யார், ரெண்டாவதில் ஆமை ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு போனது யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மணலை அள்ளி அவன் மேல் எறிந்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஜெயித்ததை நிம்மதியாகக் கொண்டாட விடமாட்டான்.

மே 1, வியாழன்

டெல்வினோடு டூ.

மே 3, சனி

டூ இன்னும் முடியவில்லை. பேச ஆளில்லாததால் வீட்டைக் கூட்டினேன், கருவாட்டைத் திருப்பிப் போட்டேன், மாதா படத்துக்குப் பூ வைத்தேன். அம்மாவே பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

கூட்டும்போது கவனித்தேன். கதவுக்குப் பின்னால் எங்கள் சங்கு ஊதல்களை மாட்டுகிற ஆணிகள் இருக்கின்றன. முதல் பயணத்தில் அடிக்கரை ஜனங்கள் கொடுத்தவை அந்த ஊதல்கள். நீளமாக ஒன்று ஊதினால் 'நில்லுங்க, ஒரு ஆள் பாக்கி' என்று அர்த்தம். சின்னதாக ரெண்டு ஊதினால் 'எல்லாரும் ஏறியாச்சு, போகலாம்'. என் ஊதலும் டெல்வினுடையதும் மாட்டியிருந்தன. அவற்றுக்குக் கீழே, என் இடுப்பு உயரத்தில், இன்னோர் ஆணி சும்மா இருக்கிறது. அதைச் சுற்றிச் சுவரில் கை அழுக்கு. அம்மா ஜெபமாலை மாட்டுவதற்காக அடித்திருப்பாள். இடுப்பு உயரத்தில் யாராவது ஜெபமாலை மாட்டுவார்களா என்று யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை.

எங்கள் நாய் பாண்டு நாலைந்து நாளாக வீட்டுக்கே வருவதில்லை. லைட் ஹவுஸ் வாசலில் படுத்துக் கிடக்கிறது. மீன் தலையைக் காட்டிக் கூப்பிட்டாலும் வரவில்லை. அங்கே நிற்கும்போது கீழேயிருந்து நீளமாக ஒரு சத்தம் கேட்டது. காற்றாகத்தான் இருக்கும். இந்த மாதத்தில் காற்று அப்படித்தான் ஊளையிடும்.

மே 5, திங்கள்

அப்பா வந்துவிட்டார்!

துறைமுகத்துக்கு அம்மா, நான், டெல்வின் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். டெல்வினிடம் நான்தான் முதலில் பேசினேன். பெரிய மனசு எனக்கு. தோணி கரை அணைந்ததும் புதிதாக வந்திருக்கும் ஆபீஸ் பையன் ஒருவன் அட்டையும் பேனாவுமாக வந்து, "தண்டல், எத்தனை ஆளு?" என்று கேட்டான். அப்பா எப்போதும் போலக் கலாசிகளின், அதாவது தோணியில் வேலை செய்கிற ஆட்களின், தோளை ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார். "ஒம்பது" என்றார். பையன் ஒன்பது என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தான். பத்துப் பேர் நின்றார்கள். மறுபடி எண்ணினான், தலையைச் சொறிந்தான். கலாசிகள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

"தம்பி ஊருக்குப் புதுசு போல" என்றார் மூத்த கலாசி. "தண்டல் தன்னைய எண்ண மாட்டாவ. எங்க கரையில எந்தத் தண்டலும் எண்ண மாட்டாவ. அவிய சொல்லுததோட ஒண்ணு கூட்டிக்கிடணும்."

நானும் சிரித்தேன். ஆனால் என் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஏன் என்று தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு யாரோடும் பேசாமல் வந்தேன். வெயில் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சாக்கைப் பிரித்தார். எனக்கு நீல நிறத்தில் செருப்பு, டெல்வினுக்குக் கறுப்பு. அப்புறம் ஒரு சிவப்புச் செருப்பு, வார் மேல் பிளாஸ்டிக் பூ வைத்தது, என் ஒரு சாணுக்கு மேல் இருக்காது. அப்பா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத யாருக்கு வாங்குனேன்?" என்றார்.

அம்மா அந்தச் செருப்பை வாங்கி முந்தானையால் துடைத்து அலமாரிக்குள் வைத்தாள். அது எங்கே இருக்க வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரிந்த மாதிரி வைத்தாள்.

மே 6, செவ்வாய்

இன்று எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் எழுதாவிட்டால் இதுவும் மறந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஓடத்தில் ஓடக்காரி கேட்டபோது நான் வாயால் மட்டும் சொல்லவில்லை. விரலால் தொட்டு எண்ணினேன், அப்பா எண்ணுகிற மாதிரி. விளிம்பில் தொங்கிய டெல்வினின் முதுகைத் தொட்டேன். ஒன்று. பிறகு இந்தப் பக்கம் திரும்பி ஒரு தலையைத் தொட்டேன். ஈரத் தலை. ரிப்பன் கட்டிய தலை. என் மடியில் சாய்ந்திருந்தது. ரெண்டு.

அதோடு விரலை மடக்கிவிட்டேன். என் நெஞ்சைத் தொடவே இல்லை.

நான் தண்டல் மகள். ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும் என்று எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஓடக்காரிக்கு எப்படித் தெரியும்? அவள் கேட்டாள், நான் ரெண்டு என்றேன், அவள் முதலில் படியில் கால் வைத்த ரெண்டு பேரைக் கரையேற்றினாள்.

மே 7, புதன்

டெல்வினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேலி செய்வான் என்று நினைத்தேன். அவன் மணலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கு, பிலோமி. கூண்டுக்குள்ள போகும்போது சிரிச்சுக்கிட்டேதான் போச்சு."

"பௌர்ணமிக்கு இன்னும் நாள் இருக்கு. போய்க் கூட்டிட்டு வந்திருவோம்."

"எப்படிக் கூட்டிட்டு வருவ? ஏத்துனதத்தான் எறக்குவா. அந்த வெளக்குக்காரர் நம்மகூட வாறேன்னு காலப் பிடிச்சு அழுதாரு, ஞாபகம் இருக்கா? ஓடத்துல வந்தது இவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு தலை ஏறாதுங்குத மாதிரி துடுப்ப நீட்டி மறிச்சுட்டா. நாம ரெண்டு பேரு போனா ரெண்டு பேருதான் திரும்ப முடியும்."

"போன தடவ மூணு பேரு போய் ரெண்டு பேருதான வந்தோம். அந்த ஒரு எடம் மிச்சம் இருக்குல்லா?"

"அவ என்ன பேங்கா நடத்துதா?" என்றான். வழக்கமாக இப்படிச் சொன்னால் நாங்கள் இரண்டு பேரும் சிரிப்போம். இன்று யாரும் சிரிக்கவில்லை.

மிச்சம் இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கண்டிப்பாக இருக்கும். இல்லாவிட்டாலும் போய்க் கேட்டுப் பார்ப்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று சாயங்காலம் வரை முயற்சி செய்தோம். ஊரில் இருக்கும் எல்லாப் பெயர்களையும் சொல்லிப் பார்த்தோம். எதுவும் ஒட்டவில்லை.

மே 9, வெள்ளி

பெயர் கிடைத்துவிட்டது. அம்மாதான் கொடுத்தாள், அவளுக்கே தெரியாமல்.

மத்தியானம் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"ஏட்டி பனீ, அந்த உப்புச் சட்டிய எடுத்தா!"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. எண்ணெய் தீயும் வாசம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"இப்ப நான் யாரட்டி கூப்புட்டேன்?"

"என்னையத்தான் கூப்புட்டிய" என்றேன்.

"ஆமா" என்றாள். "உன்னையத்தான்." கண்ணில் தண்ணீர் நின்றது. புகை என்று துடைத்துக்கொண்டாள்.

பனி. பனிமயா. அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் ஒன்றும் வரவில்லை. முன்பல் விழுந்த ஒரு சிரிப்பு மட்டும் வந்தது. எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கிறாள். இல்லை, இருக்கிறாள். பச்சை வெயிலில் தனியாக உட்கார்ந்து, நீளமாக ஊதி ஊதி, அக்கா வருவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் அதைக் காற்று என்று எழுதினேன். துவைக்கிற கல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். இவ்வளவு அழுகை எனக்குள் இருந்தது என்று எனக்கே தெரியாது.

மே 11, ஞாயிறு

பூசைக்குப் போய்விட்டு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அவர் முற்றத்தில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க ஏன்ப்பா உங்கள மட்டும் எண்ண மாட்டிய?"

"தலை எண்ணுதது எதுக்கு? எல்லாவனும் எறங்கியாச்சான்னு பாக்கத்தான்" என்றார். "தண்டல் கடைசியா எறங்குதவன். மத்தவிய கரையில போய் நிக்கிற வரைக்கும் அவன் கணக்குலயே கெடையாது. இதெல்லாம் உனக்கு எதுக்குட்டி?"

"சும்மாதான்" என்றேன். அவர் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்காத குட்டு.

நாளைக்குப் பௌர்ணமி. உச்சி வேளைக்குக் கடல் உள்வாங்கும். டெல்வினிடம் மூன்று மணி என்று சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டி, கயிறு, அவல் உருண்டை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறான் பாவம். அவன் வந்தால் கணக்கு குழம்பிப் போகும், அவ்வளவுதான் காரணம். சித்திக்கு அவன் ஒரே பிள்ளை என்பதெல்லாம் நான் யோசிக்கவே இல்லை.

பதிலைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டேன். பனியைத் தொட்டு ஒன்று, என் நெஞ்சைத் தொட்டு ரெண்டு. "ரெண்டு" என்று உரக்கச் சொல்வேன். போன தடவை பாக்கி இருந்த ஓர் இடத்தைச் சேர்த்துக் கொடு என்று கேட்பேன். கொடுத்துவிடுவாள். கொடுக்காவிட்டால் என்ன செய்வது என்பதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்று அம்மாவிடம் இரண்டு தடவை சடை பின்னச் சொன்னேன். முதல் சடை கோணலாக இருக்கிறது என்று பொய் சொன்னேன். திட்டிக்கொண்டே பின்னிவிட்டாள்.

மே 12, திங்கள்

அம்மாவும் அப்பாவும் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார்கள். கடல் தூரத்தில் போய் நிற்கிறது. என் ஊதலையும் சிவப்புச் செருப்பையும் எடுத்துக்கொண்டேன். அவள் வெறுங்காலோடு இருப்பாள், படியெல்லாம் சிப்பி. என்னுடைய நீலச் செருப்பை வீட்டிலேயே வைத்துவிட்டேன். புதுசு, நனைந்தால் போய்விடும்.

இந்த நோட்டையும் நனைய விடப் போவதில்லை. அரிசி டிரம்முக்கு அடியில் வைக்கிறேன். வந்து மீதியை எழுதுகிறேன்.

மே 14, புதன்

அம்மா அரிசி எடுக்கச் சொன்னாங்க. டிரம்முக்கு அடியில் இந்த நோட்டு இருந்தது. பின்னால் நிறையப் பக்கம் காலியாக இருப்பதால் இனிமேல் நான் எழுதப் போகிறேன். என் பெயர் பனிமயா. நான் மூன்றாம் வகுப்பு பாஸ்.

முன்னால் யாரோ ஒரு கதை எழுதியிருக்கிறார்கள். எழுத்து கோழி கிளறின மாதிரி இருந்தது. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். அடிக்கரையைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறது. அதில் நான் வருகிறேன், டெல்வின் அண்ணன் வருகிறான், பாண்டுகூட வருகிறது. பிலோமி என்று ஓர் அக்காவும் வருகிறாள். எனக்கு அக்கா கிடையாது. அந்த அக்கா நிறையக் கோபப்படுகிறாள், ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. கதைக்கு முடிவு இல்லை.

"நீதான எழுதுன?" என்று டெல்வின் அண்ணனைக் கேட்டேன். அவன் வாங்கிப் படித்தான். முழுக்கப் படித்துவிட்டு, "பனி, முந்தாநாள் ஓடத்துல யாரு பதில் சொன்னா?" என்று கேட்டான்.

எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். நான் தூங்கிவிட்டேன். யாரோ மடியில் படுக்க வைத்திருந்தார்கள். ஓடக்காரி கேட்டதும் ஒரு விரல் என் தலையைத் தொட்டது. "ஒண்ணு" என்று ஒரு குரல் சொன்னது. அப்புறம் நான் மட்டும் படியில் நின்றேன். காலில் புதுச் செருப்பு இருந்தது. சிவப்பு, பூ வைத்தது.

டெல்வின் அண்ணன் எழுந்து போய்க் காலண்டரில் அடுத்த அமாவாசையைச் சுற்றி வட்டம் போட்டான். இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சொன்னான்.

வாசலில் ஒரு நீலச் செருப்பு கிடக்கிறது. எனக்குப் பெரியது, அம்மாவுக்குச் சின்னது. அப்பா அதை நேற்றும் இன்றும் எடுத்துத் தூசி தட்டி வைத்தார். நேற்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது எங்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். அம்மா ஒன்று, நான் ரெண்டு. அதற்கு அப்புறமும் விரலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். "தன்னைய எண்ண மாட்டியளே, இன்னைக்கு என்ன?" என்று அம்மா கேட்டாங்க. "என்னைய எண்ணலட்டி" என்று அப்பா சொன்னாங்க.

இன்றைக்கு மத்தியானம் பாண்டுவுக்குச் சோறு வைக்க லைட் ஹவுஸுக்குப் போனேன். கீழேயிருந்து ஊதல் சத்தம் கேட்டது. சின்னதாக ரெண்டு. எல்லாரும் ஏறியாச்சு, போகலாம்.

எல்லாரும் எங்கே ஏறினோம்? எனக்கு அழுகை அழுகையாக வந்தது. என் ஊதலை எடுத்து, மூச்சு முட்டுகிற வரைக்கும் நீளமாக ஒன்று ஊதினேன்.